கண்ணாடிக் கூரையில் விழுந்த கீறல்

கொன்றையூர்க் கீழைக் கோபுரத்துக்கு எதிரே, கார் நிறுத்தும் திடலில் வண்டி கழுவிப் பிழைத்தவர் தாண்டவராயர். விடிந்ததும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கொன்றைநாதரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாளியைத் தொடுவார். கை வண்டியைக் கழுவிக்கொண்டிருக்க, வாய் சிவநாமம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஈரத்திலேயே நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் புண். அதற்காக ஒரு நாளும் அவர் சலித்துக்கொண்டதில்லை.

வேலையிலும் மனிதர் படு சுத்தம். கோபுரத்துப் புறாக்களின் எச்சம் வண்டிமேல் காய்ந்து கிடந்தால், மற்றவர்களைப்போல் நகத்தால் சுரண்டமாட்டார். ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு எடுப்பார். மேலிருந்து தண்ணீர் விட்டுத் தூசியை இறக்காமல் எந்தக் கண்ணாடியிலும் துணி வைக்கமாட்டார். "மண்ணோட தேய்ச்சா கீறிடும்ப்பா" என்று பக்கத்தில் கழுவுகிறவர்களுக்குச் சொல்வதும் அவர்தான். சொன்னவரே அதைச் செய்தார் என்றால் நம்புவீர்களா? செய்தார். அதுவும் பக்தியால் செய்தார்.

ஒரு திங்கட்கிழமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மங்களாம்பிகை அம்மாள் புதுக் காருக்குப் பூஜை போட வந்தார். மேலே முழுக்கக் கண்ணாடிக் கூரை வைத்த கார். பகட்டுக்கு வாங்கியதல்ல. அவர் கணவர் வைத்தியலிங்கம் முதுகெலும்பு ஒடிந்து மூன்று வருடமாகப் படுத்த படுக்கை. இருக்கையைச் சாய்த்து அவரைக் கிடத்தினால், படுத்தபடியே கூரை வழியாகக் கோபுரத்தைப் பார்க்கலாம். அந்த ஒன்றுக்காகவே இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு அந்தக் காரை வாங்கியிருந்தார்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. குருக்கள் கூரைக் கண்ணாடியில் அகலமாக மூன்று பட்டை திருநீறு போட்டுவிட்டுப் போனார்.

"கூரையை மட்டும் துடைச்சுக் குடுங்கய்யா. அவரு கோபுரம் பாக்கணும்" என்றார் அம்மாள்.

தாண்டவராயர் வாளியைத் தூக்கியவர் அப்படியே நின்றார். தண்ணீர் ஊற்றினால் ஐயன் திருநீறு வழிந்து சாக்கடைக்கல்லவா போகும்? நாலு பேர் காலில் மிதிபடுமே! மனம் பதறியது. வாளியைக் கீழே வைத்தார். துவைத்த துண்டை எடுத்து, ஒரு பொட்டும் சிந்தாமல், காய்ந்த நீற்றை வட்டம் வட்டமாகத் துடைத்துத் துண்டிலேயே முடிந்துகொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசிக்கொள்ளலாம் என்று ஆசை வேறு. நீற்றுக்கு அடியில் வழித்தூசி மணல் மணலாகக் கிடந்தது அவர் நினைவுக்கே வரவில்லை.

காருக்குள்ளிருந்து வைத்தியலிங்கத்தின் குரல் கேட்டது. "மங்களா, கோபுரத்துக்கு வலை கட்டியிருக்காங்களா?"

"இல்லீங்களே."

"எனக்கு வலையாத்தானே தெரியுது."

தாண்டவராயர் எட்டிப் பார்த்தார். வெயிலில் கூரை முழுக்க மெல்லிய வட்டங்கள் மின்னின.

"அது வலை இல்லீங்கம்மா. நான் தேய்ச்ச கீறல். தண்ணி விடாம துடைச்சிட்டேன்."

அம்மாள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அம்மாளோ கண்ணாடியைப் பார்த்தார், இவர் நெற்றியைப் பார்த்தார். "தெரியாமத்தானே செஞ்சீங்க. விடுங்க" என்றார். தாண்டவராயர் கூனிக் குறுகிப்போனார். தெரியாமலா? ஊருக்கே சொல்லிக் கொடுத்தவராயிற்றே!

தேங்காய்க்கடை உலகநாதனுக்கு நாக்கு சும்மா இருக்குமா? "புதுக் காரெல்லாம் தள்ளி நிறுத்துங்கப்பா! நம்ம சாமியாரு திருநீறுல பாலிஷ் போடறாரு!" என்று கத்தினார். திடலே சிரித்தது. தன்னைச் சொன்னதைத் தாண்டவராயர் பொறுத்துக்கொண்டார். ஆனால் "திருநீறு பட்டா கண்ணாடி போயிடுமாம்" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் பேசத் தொடங்கியபோது துடித்துப்போனார். ஐயனுடைய நீற்றுக்கே கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோமே, பாவி!

மறுநாள் காலை நெற்றிக்குப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது. வெறும் நெற்றியோடு வந்தார். கோயிலுக்குள் போகவில்லை. கோபுரத்தை ஏறிட்டுப் பார்க்க வெட்கப்பட்டு, அதற்கு முதுகைக் காட்டியபடியே வண்டி கழுவினார். சிவநாமத்தை மட்டும் விடவில்லை. பெயரைச் சொல்வதற்கு முகம் வேண்டாமே.

திங்கட்கிழமைதோறும் அந்தக் கார் வந்தது. அம்மாளிடம் கெஞ்சிக் கூத்தாடி, கூரையை நுரை போட்டுக் கழுவி, பாலிஷ் வைத்துக் கை ஓயும்வரை தேய்ப்பார். கீறல் மங்கக்கூட இல்லை. "போதும்யா, வலைக்குள்ளயாவது கோபுரம் தெரியுதே" என்பார் உள்ளே படுத்திருப்பவர். அந்த நல்ல வார்த்தைதான் இவருக்குச் சூடு போட்டதுபோல் இருக்கும்.

ஏழாவது திங்கட்கிழமை. பாலிஷ் துணியோடு நின்றவரைத் தேடிக் குருக்கள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தாண்டவராயரே, சித்த உள்ள வாரும். சுவாமி மேல கீறல்! அபிஷேகம் பண்ணித் துடைக்கறச்சே பாத்தேன், லிங்கத்தோட பாணம் முழுக்க வட்ட வட்டமா இருக்கு. நேத்து இல்லையே ஓய்! கீறல் எடுக்கற வேலை உமக்குத்தானே தெரியும்?"

"சாமி, நான் கீறல் போட்டவன். எந்த முகத்தோட உள்ள வர்றது?"

"வரப்படாதுன்னு யார் சொன்னா? வாரும்" என்று குருக்கள் கையைப் பிடித்து இழுத்துப்போனார்.

அர்த்த மண்டபத்தில் அவரை நிறுத்திவிட்டுக் கற்பூரம் காட்டினார். குனிந்த தலையோடு நின்ற தாண்டவராயர் மெல்ல நிமிர்ந்தார். கருங்கல் திருமேனியெங்கும் மெல்லிய வட்டங்கள். அவர் இடக்கைக்காரர். அவர் துடைத்தால் வட்டம் இடப்பக்கமாகச் சுழன்று, கடைசியில் ஒரு சின்ன வால் விடும். இங்கும் ஒவ்வொரு வட்டத்துக்கும் அந்த வால் இருந்தது. தன் கைவாகு தனக்குத் தெரியாதா?

அப்போது மங்களாம்பிகை அம்மாள் வெளியிலிருந்து ஓடி வந்தார். "ஐயா, கோபுரம் முழுசாத் தெரியுதுன்னு எங்க வீட்டுக்காரரு அழறாருங்க. கண்ணாடியில ஒரு கோடுகூட இல்லை!"

தாண்டவராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என் தப்பை நீயாய்யா வாங்கிக்கிட்டே? உன் மேலேயா வாங்கிக்கிட்டே?" என்று வாய்விட்டு அழுதார். குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்து, தரையில் கிடந்தவரைத் தூக்கி, வெறும் நெற்றி நிறையத் தம் கையாலேயே பூசிவிட்டார்.

திருநீறு மண்ணில் மிதிபடக்கூடாதே என்று பதறிய கை அது. அந்தக் கை செய்த பிழையைத் தன் மேனியிலேயே தாங்கிக்கொண்டான் கொன்றைநாதன். அப்பேர்ப்பட்ட தாண்டவராயர் திருவடிக்கு நம் கும்பிடு.