மூட்டைக்கு அடியில் எடுத்த வாக்கு

நெல்மண்டிச் சுமைப்பணியாளர் சங்கத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஏகாம்பரமே தலைவர். மண்டிக்கு ஒரு குடிநீர்க்குழாய்கூடக் கேட்டு வாங்காதவர். எல்லோரும் தலைமூட்டையை இரு கைகளாலும் பிடித்து நிற்கும் வேளையில்தான் தேர்தல் வைப்பார்.

"என்னை ஆதரிப்போர் கை தூக்குங்கள்! ஆகா, அத்தனை பேரும்!"

மண்டியைக் கூட்டிப் பெருக்கும் உறுப்பினர் பவுனம்மாவுக்குத் தாகத்தில் நா வறண்டிருந்தது. "தலைவரய்யா, எதிர்க்கிறவங்களையும் கேட்டுடுங்க. அதானே முறை?"

"கேட்டாப் போச்சு! எதிர்ப்போர் கை தூக்குங்கள்!"

ஒரு கையும் இறங்கவில்லை.

"அடடா, அத்தனை பேருமா எதிர்க்கிறாங்க!" என்றாள் பவுனம்மா. மண்டியே சிரிப்பில் அதிர்ந்தது. "மூட்டையை இறக்கிட்டுக் கேளுங்கய்யா."

இறக்கினார்கள். ஏகாம்பரத்துக்காக உயர்ந்தது ஒரே கை, அதுவும் அவருடையது.

அடுத்த மாதம், புதிய தலைவி பவுனம்மா குழாயைத் திறந்துவைத்தாள். சங்கம் நடத்துவோரே, உறுப்பினரின் சுமையை முதலில் இறக்குங்கள். பிறகு அவர் விருப்பத்தைக் கேளுங்கள்!