ராணித் தோட்டத்துக் கூடைச் சுவர்

இந்தக் கதையில் வயிறு வலிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே வராது. அவசரப்படுத்தினால் இன்னும் தள்ளிப்போடுவேன். முதலில் சேறு வரும், அப்புறம் கூடை வரும், அதற்கும் அப்புறம்தான் சிரிப்பு.

கொடிமலை ராஜா மலையப்ப பூபதிக்குப் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற குரல். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் அந்தக் குரலில் கத்தினார்: "யாரடா ரசத்தில் மண்ணைப் போட்டது?"

யாரும் போடவில்லை. மழை போட்டது. சமையற்கட்டுக்கு மேலே, சரிவில் ராணியின் தோட்டம். மழை பெய்தால் மண் சரிந்து நேரே அடுப்படிக்கு வந்துவிடும். அதைத் தடுக்கப் பெரிய கொத்தனார் வைரப்பெருமாள் கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் சுவராகக் கட்டிப் பார்த்தார். மழைக்கு ஒன்றாக விழுந்தது. கல் மட்டும் தோட்டத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது.

"சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி முட்டுகிறது, அரசே. அது வெளியே போக வழி விட்டால் சுவர் ஏன் விழப்போகிறது?" என்றான் கூத்தபிரான். அரசவையில் கேலி பேசுவதுதான் அவன் உத்தியோகம்.

வைரப்பெருமாளுக்குக் கோபம் வந்தால் மூக்கு மட்டும்தான் பேசும். "ங்ஙா! சுண்ணாம்பு குழைக்கத் தெரியாத பயல் எனக்குச் சுவர் சொல்லித் தருகிறானா? அரசே, இவனே கட்டட்டும். ஒண்டியாக! ஓர் ஆளைக் கூப்பிடக் கூடாது. அடுத்த மழைக்குள் மண் நிற்கவில்லையென்றால் நாட்டை விட்டே போகட்டும்!"

ரசம் போன கோபத்தில் ராஜாவும் தலையை ஆட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்த கூத்தபிரானிடம் அவன் மனைவி அலர்மேலு, "மூட்டை கட்டட்டுமா?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரு. நான் கூடை கட்டப் போகிறேன்."

"கூடையா? சரிதான். தலையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவா?"

கூத்தபிரான் தோட்டத்துக்குப் போனான். சரிவின் அடியில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, அடி மண்ணைச் சமமாக இடித்துக் கெட்டியாக்கினான். மூங்கிலைப் பிளந்து, இடுப்புயரத்துக்குச் சதுரம் சதுரமாக, மூடியோடு கூடை பின்னினான். பள்ளத்தில் வரிசையாக வைத்து ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டினான்.

செம்பருத்திப் புதருக்குப் பின்னால் இரண்டு கண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. கூடவே ஒரு மூக்கும். கூடை என்றால் சித்தாள் தலையில் ஏறுவது. வைரப்பெருமாளுக்கு அது ஒன்றுதான் தெரியும். 'கல் சுமக்கக் கூடை தயாராகிறது. உருண்டு ஓடாமல் இருக்கப் பள்ளத்தில் வைத்திருக்கிறான். காற்றுக்குப் பறக்காமல் இருக்கக் கட்டியிருக்கிறான்.' எல்லாவற்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது.

புதர் அசைவதைக் கூத்தபிரான் கவனித்தான். தோட்டக் காவலாளியிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்பினான்: "அண்ணே, மாமியார் வீட்டில் விருந்து. போய்விட்டுச் சாயங்காலம் வருகிறேன். கூடை காலியாக இருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்லை. எவனாவது பாவி கல்லை ரொப்பி மூடியையும் கட்டிவிட்டான் என்றால், ஒண்டியாள் நான் அசைக்கக்கூட முடியாது. தொலைந்தேன்!"

அவன் தலை மறைந்ததும் வைரப்பெருமாள் தன் ஆட்களோடு குதித்தார். விழுந்த சுவரின் கல்லெல்லாம் கூடைக்குள் போயிற்று. சும்மா கொட்டினார்களா? பிறந்ததிலிருந்து கல் அடுக்கிய கை கேட்குமா? முகப்புக்குப் பெரிய கல், நடுவில் சின்னக் கல், இடுக்கில் சில்லு. "டேய், அந்தக் கல் கோணல்! திருப்பி வை!" கயிற்றில் தொங்கும் பித்தளைத் தூக்குக்குண்டை விட்டு நேர் பார்த்தார். மூடியைப் போட்டு, அவிழ்க்கவே முடியாத முடிச்சாகப் போட்டார்.

மறுநாள் காலை வானம் கறுத்தது. வைரப்பெருமாள் ராஜாவைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். பின்னாலேயே ராணியும், கரண்டியோடு சமையற்காரரும்.

"பாருங்கள் அரசே! ஒரு கரண்டிச் சுண்ணாம்பு உண்டா? சுவர் உண்டா? வெறும் கூடை!"

"கூத்தா, ஆள் யாரையாவது கூப்பிட்டாயா?"

"கொத்தனாரையே கேளுங்கள், அரசே."

"கூப்பிடவில்லை! நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நானே சாட்சி!"

மழை கொட்டியது. சரிவிலிருந்து மண் பொலபொலவென்று இறங்கி வந்து, கூடைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. கல் இடுக்குகள் வழியாகத் தண்ணீர் மட்டும் சலசலவென்று வெளியே வந்தது. சமையற்காரர் கரண்டியில் பிடித்துப் பார்த்தார். தெளிந்த தண்ணீர்.

"மண் வரவில்லை! என் ரசம் பிழைத்தது!" ராஜா முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார்.

"பொறுங்கள் அரசே! இது கோணல். கட்டாயம் கோணல். தூக்குக்குண்டு விட்டுக் காட்டுகிறேன்!" வைரப்பெருமாள் இடுப்பைத் தடவினார். இல்லை. மடியை உதறினார். இல்லை. தலைப்பாகையையே அவிழ்த்துப் பார்த்தார்.

"அதோ இருக்கிறதே, கொத்தனாரே" என்று கூத்தபிரான் பணிவாகக் கை நீட்டினான்.

கூடைப் பின்னலுக்கு உள்ளே, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில், பித்தளைக் குண்டு பளபளவென்று தொங்கியது. கயிறு, மூடியில் போட்ட முடிச்சோடு முடிச்சாக மாட்டியிருந்தது.

ராஜா குண்டைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். கொத்தனாரைப் பார்த்தார். பானைக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது பாருங்கள், செம்பருத்திப் புதரே குலுங்கியது!

வைரப்பெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பின்னால் அடங்கி உட்கார்ந்திருந்த மண்ணைப் பார்த்தார். மூக்கு மெல்லத் திறந்தது.

"ங்ஙா... அடப்பாவி! இதுதான் சுவரா? நானா கட்டினேன்?"