சோறு விழாத எலை

ஒரு ஊர்ல ஒரே ஒரு வேதக்கோயிலு, சர்ச்சுதான், அந்தக் கோயிலு அசனத்துக்கு சோறு பொங்க ஒரே ஒரு பெரிய கிடாரம். வருசத்துக்கு ஒருக்கா சபை மொத்தமும் ஒண்ணா உக்காந்து திங்குமே, அதான் அசனம். அந்தப் பந்திக்கு ஒரு சட்டம் இருந்துச்சு. ஒரு எலை பாக்கியில்லாம கடைசி எலையில சோறு விழுத வரைக்கும் முதல் எலைக்காரன் கை வைக்கப்படாது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பொறவு கேப்பேன்.

அந்த ஊர்ல தங்கக்கனி தங்கக்கனின்னு ஒருத்தி. புருசனும் இல்ல, மகளும் போயிட்டா, மக பெத்த கைப்பிள்ளையை வச்சு வளக்கா. ஒரு வெள்ளாடு நின்னுச்சு, அது கறக்குத பாலுதான் பிள்ளைக்கு உசுரு. பக்கத்து வீட்டுல மாசிலாமணி. அவனுக்குப் பேருல மட்டுந்தான் மாசு இல்ல. அந்தக் கிடாரம் அவனுதுதான். ஒருநா ஆடு கயித்தை அத்துக்கிட்டு அவன் தோட்டத்துல போயி ரெண்டு வாய் கீரையைக் கடிச்சிட்டு. அவன் புடிச்சான், அறுத்தான், கொழம்பு வச்சுத் தின்னுட்டான்.

தங்கக்கனிக்குச் சேதி தெரிஞ்சுது. ஆனாலும் அவ ஊரைக் கூட்டல, தனியாத்தான் போனா.

"அண்ணாச்சி, பிள்ளை பாலுக்கு அழுவுது. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உங்க ஆட்டுல ஒண்ணைத் தாங்க. நான் ஒருத்தர்ட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்."

"என் தோட்டத்துல மேஞ்சுது, தின்னேன். போ."

சரின்னு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனா. "என் தோட்டத்துல மேஞ்சுது, தின்னேன். போங்க." பொறவு என்ன செய்ய, சபையில சொன்னா. சபை கூடிக் கேட்டுச்சு. அங்கயும் அதே பாட்டுதான். "என் தோட்டத்துல மேஞ்சுது, தின்னேன். அசனம் வருதுல்லா, கிடாரத்தைப் பூட்டிப்புடுவேன், பொறவு எங்க போவியன்னு நானும் பாக்கேன்."

"அசனம் முடியட்டும், பொறவு பேசிக்கிடலாம்"னு ரெண்டு மூணு பெரிய ஆளுக முணுமுணுத்தாவ. கோயிலு நடத்துத உபதேசியாருக்கு வந்துச்சே கோவம். "பிள்ளையும் பொறவுதான் அழுவுமாவே? அவங்கவங்க வீட்டுப் பானையில பொங்கிக் கொண்டாங்க. அவனுக்கும் எலை போடுங்க, அவன் நம்ம ஆளுதான். ஆனா அந்த எலையில தங்கக்கனி கைதான் சோறு போடணும், அவன் தப்புன்னு சொன்ன பொறவுதான் போடணும்."

மாசிலாமணி இதைக் கேட்டுச் சிரிச்சான். ஏன் சிரிச்சான், சொல்லுங்க பாப்போம். ஆங், அந்தச் சட்டம். 'நான் போயி சும்மா உக்காந்தாப் போதும், எனக்குப் போடாம ஒருத்தனும் திங்க முடியாது, பசி வந்தா தன்னால போடுவானுவ'ன்னு நெனச்சான்.

அசனம் வந்துச்சு. ஊரே பானை பானையாத் தூக்கிட்டு வந்துச்சு. மாசிலாமணி வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்து பந்தி நடுவுல சம்மணம் போட்டான். சோறு வந்துச்சு, அவனைத் தாண்டிப் போச்சு. சாம்பார் வந்துச்சு, தாண்டிப் போச்சு. பாயசம் வந்துச்சு, அதுவும் தாண்டிப் போச்சு. ஒருத்தரும் ஏசல. "கொஞ்சம் பொறுங்கண்ணாச்சி"ன்னு தணிவாச் சொல்லிட்டுப் போனாவ.

சோறு ஆறுது. ஒருத்தரும் கை வைக்கல. பிள்ளைக அழுவுது. தங்கக்கனி சோத்து வாளியோட அவன் முன்னாடி நிக்கா. ஊரே அவளைப் பாக்குது. "போட்டுத் தொலையேம்ளா"ன்னு ஒரு குரல் வருது. அவளுக்கு நம்மளால ஊரு பட்டினி கெடக்கேன்னு இருக்கு, போட்டுட்டா பேத்தி வயித்துக்கு வழி இல்லயேன்னும் இருக்கு.

"போடதுக்குத்தான் நிக்கேன் அண்ணாச்சி. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் குனிஞ்சு வெறும் எலையில தண்ணி தெளிச்சான்.

அப்போ பொம்பளையாளுக பந்தியில இருந்து ஒருத்தி எந்திச்சா. யாரு? மாசிலாமணி பொண்டாட்டி எப்சிபாதான். தன் எலையை அப்படியே ரெண்டு கையால ஏந்திக்கிட்டுத் தங்கக்கனிட்ட வந்தா. "மைனி, அந்தக் கொழம்பை வச்சவ நான், தின்னவளும் நான். அந்தப் பிள்ளை அழுத சத்தம் எங்க அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. எனக்குப் போட்டதை எடுத்துக்கோங்க, எனக்கு இது ஆவாது"ன்னு தன் சோத்தை வாளியில கொட்டிட்டு, வெறும் எலையோட புருசன் பக்கத்துல வந்து உக்காந்தா.

மாசிலாமணி அவ எலையைப் பாத்தான், தன் எலையைப் பாத்தான். கண்ணு கலங்கிட்டு.

"தப்பு என்னுதுதான் தங்கக்கனி. நான் பாவி."

சொல்லிட்டு உக்காந்திருக்கல, எந்திச்சு ஓடினான். தொழுவத்துல நின்ன நல்ல கறவை ஆட்டைக் குட்டியோட இழுத்துட்டு வந்து அவ கையில கயித்தைக் குடுத்தான். அவ ஒரு கையில கயித்தை வாங்கிக்கிட்டு, மறு கையால ரெண்டு எலையிலயும் சோத்தை அள்ளிப் போட்டா. அப்புறந்தான் ஊரு கை வச்சுது.

அவனை அதோட விட்டாவளா? கிடாரத்தைப் பூட்டி வச்சவன் யாரு? ஊரு கொண்டாந்த அம்புட்டுக் கரிப்பானையையும் அன்னைக்கு அவன்தான் தேச்சான், எப்சிபா தண்ணி ஊத்துனா.

தப்புப் பண்ணுனவனுக்கு எலை போடணும், ஆனா தப்புன்னு சொல்லுத வரைக்கும் சோறு போடப்படாது. பந்தியும் முடிஞ்சுது, கதையும் முடிஞ்சுது, எலையை எடுத்துட்டுக் கையைக் கழுவுங்க.