கோமளவல்லியின் இடது கை

பாளையங்கோட்டையில் வயலின் டீச்சர் என்றால் கோமளவல்லிதான். ஐம்பத்திரண்டு வயதில் அவளைக் கொண்டுபோய் ஒரு பியானோவின் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாம் நேரம்தான்.

பள்ளிக்கூடத்து வயலின் வகுப்பில் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வராமல் நின்றுபோனார்கள். "கூடவே நீங்க பியானோ வாசிச்சா சின்னப் பிள்ளைங்க பயமில்லாம சுரம் பிடிக்கும். கத்துக்கிட்டு வாங்க. இல்லேன்னா ஜூன் மாசம் வகுப்பை மூடிர வேண்டியதுதான்" என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

அவளுக்குக் கற்றுக்கொடுக்க வாய்த்தவள் பெனிட்டா. சர்ச்சில் வாசிப்பவள். கோமளவல்லியின் மகள் வயதுதான் இருக்கும்.

கோமளவல்லி செய்த தப்பு வயலின்காரர்களுக்கே உரிய தப்பு. பியானோ கட்டையை அழுத்திவிட்டு, இடது கை விரலை அதன் மேலேயே அசைப்பாள். தந்தியில் அப்படி அசைத்தால் சுரம் குழைந்து கமகம் வரும். பியானோவா மசியும்? 'டங்' என்று ஒரு தரம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

"எவ்வளவு கிச்சுகிச்சு மூட்டினாலும் இது சிரிக்காது டீச்சர். மணிக்கட்டைத் தளர விடுங்க."

விடப் பார்த்தாள். கை இன்னும் விறைத்துக்கொண்டது. அவமானமாக இருந்தது.

"என்னால ஆகாதும்மா. நாப்பது வருஷமா வயலின் வாசிக்கறேன். எனக்கு எதுக்கு ரெண்டாவது வாத்தியம்? வகுப்பை மூடினா மூடட்டும், நாளைலேர்ந்து நான் வரலை."

பெனிட்டா கேட்டாள்: "கடைசியா நின்ன பிள்ளை எதனால நின்னுச்சு?"

"அதுவா, வில் பிடிச்சா முழங்கை விறைச்சுண்டுடும். தளர விடு, தளர விடுன்னு தொண்டை வத்தக் கத்தினேன். அழுதுண்டே போயிடுத்து. சொன்னா கேட்டாத்தானே."

பெனிட்டா பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தாள். தன் உள்ளங்கையைக் கோமளவல்லியின் மணிக்கட்டுக்கு அடியில் வைத்துத் தாங்கினாள்.

"வாசிங்க."

கோமளவல்லி வாசித்தாள். கையின் கனம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த உள்ளங்கையில் இறங்கியது.

திடீரென்று கல்லிடைக்குறிச்சி வீட்டுக் கூடம் கண்முன் வந்தது. எட்டு வயதுக் கோமளா. சரளி வரிசை. வில் நடுங்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் வந்து முழங்கையை ஏந்திக்கொள்வார். பாடம் முடியும்வரை எடுக்கமாட்டார். அவர் கையில் விபூதி வாசனை அடிக்கும். ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தியதில்லை.

அவளுக்கு அப்பாவை ஒரு தரம் பார்த்தால் போதும் என்றிருந்தது.

"அப்பா இப்படித்தான் கையைத் தாங்குவார்" என்றாள். "நான் ஒரு பிள்ளைக்கும் தாங்கினதில்லை. இது எனக்கு எப்படிம்மா மறந்துபோச்சு?"

பெனிட்டா கையை எடுக்காமலே சொன்னாள்:

"வயலின் உங்களுக்கு நல்லா வந்துடுச்சு டீச்சர். அதான்."