உறுத்துற இடம்

"மெசின் பொய் சொல்லுதுங்களா டீச்சர், இல்ல எம்புள்ள பொய் சொல்றாளுங்களா?"

மாரப்பன் கேட்டார். கையில் மூணாவது முகூர்த்தச் சேலை.

திருப்பூரில் துணி சோதிக்கிற கூடம் அது. சொரசொரப்பை அளக்கிற மெசின் ஒன்று அங்கே உண்டு. மயிர் கனத்துக் கம்பி துணிமேல் ஊர்ந்து போகும். மேடு பள்ளத்துக்குத் தக்கபடி திரையில் கோடு ஏறி இறங்கும்.

அந்த வித்தையை ஐம்பது வயசுக்கு மேல் கற்க வந்தவர் மாரப்பன். கற்றுக்கொடுக்கிற நூர்நிஷாவுக்கு அவர் வயசில் பாதிதான். அதனாலென்ன, டீச்சர் டீச்சர்தானே.

"நிதானமாச் சொல்லுங்கண்ணா."

"வர்ற வெள்ளிக்கிழமை தாரிணிக்குக் கல்யாணமுங்க. மொதச் சேலையத் தோள்ல போட்டதும் 'உறுத்துதுப்பா'ன்னா. சரிகையாக்கும்னு வேற எடுத்தேன். அதுவும் உறுத்துதாம். இது மெசின்லயே வச்சுப் பாத்து எடுத்ததுங்க. கோடு படுத்துத் தூங்குது! இதையும் கழட்டி வீசிட்டா."

"அழுதாளா?"

"அழுதா. சேலைக்குப் போய் யாராச்சும் அழுவாங்களா?"

நூர்நிஷா சேலையை மெசினில் வைத்தாள். கோடு அசையக் காணோம்.

"திருப்பி வைங்க."

திருப்பினார். குறுக்கே வைத்தார். கரையில் வைத்தார், முந்தியில் வைத்தார். அதே தூக்கம்.

"சொரசொரங்குதுன்னு சொன்னாளா?"

"இல்லீங்க."

"குத்துதுன்னு? அரிக்குதுன்னு?"

"இல்லீங்க, உறுத்துதுன்னுதான். எல்லாம் ஒண்ணுதானுங்களே?"

நூர்நிஷா மேசைமேல் கிடந்த, துணியில் குறி போடுகிற சாக்குக்கட்டியை எடுத்து நீட்டினாள்.

"உறுத்துற எடத்துல ஒரு கோடு போடச் சொல்லுங்க."

"பட்டுச் சேலையிலயா! அப்புறம் கறை போவுமுங்களா?"

டீச்சர் அடுத்த துணியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

மாரப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பஸ்ஸில் சேலையை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி வழுக்கிற்று. பக்கத்து சீட்டுக்காரரிடம் நீட்டி, "கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்றார். அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டு வாசலில் பந்தல் சாமான் வந்து இறங்கியிருந்தது. உள்ளே தாரிணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் சேலையை விரித்தார். சாக்குக்கட்டியைக் கையில் கொடுத்தார்.

"உறுத்துற எடத்துல ஒரு கோடு போடு கண்ணு. டீச்சர் சொன்னாங்க."

"எங்க உறுத்துதோ, அங்கயாப்பா?"

"ஆமா சாமி."

அவள் சேலையைத் தொடவில்லை.

"கொசுவத்துலயா? தோள்பட்டையிலயா? சும்மா போடு, கறையானா ஆகட்டும்."

தாரிணி கையைத் தூக்கினாள். நெஞ்சுக்கு நேரே, போட்டிருந்த சுடிதார்மேல், மெதுவாக ஒரு கோடு இழுத்தாள்.

"அங்க எப்படிக் கண்ணு கம்பி..." என்று தொடங்கியவர் வாயை மூடிக்கொண்டார். மகள் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

வாசலில் இருந்து பந்தல்காரர் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க, பந்தக்கால் நட்டுரலாமுங்களா? நல்ல நேரம் போகுதுங்க."

மாரப்பன் சேலையை மடித்தார்.

"பொறுங்க" என்றார்.