தாம்பாளத்தில் வைக்காதது

குற்றாலிங்கம் செருப்பைக் கழற்ற மறந்து மடத்துக்குள் வந்துவிட்டார். ரப்பர் செருப்பு. தோல் செருப்பை அவர் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

வாசலில் ஆட்டோ எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதில் அவர் மனைவி கோமதியும், கையில் துணி சுற்றிய மகள் நித்திலாவும் இருந்தார்கள். பத்து வயதுப் பிள்ளை.

உலகம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மடத்துக்கு அவர்தான் குரு, சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டார் என்று அப்போது பெயர்.

"பிள்ளைய நாய் கடிச்சிட்டும்மா," என்றார் குற்றாலிங்கம்.

உலகம்மை கீரையைக் கீழே வைத்தார்.

காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் நடந்தது. உள்ளங்கையில் பல் ஆழமாக இறங்கியிருந்தது. அந்த நாய் இன்னும் இரண்டு பேரைக் கடித்துவிட்டுச் செத்தும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் காயத்தை நன்றாகக் கழுவினார்கள். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிச் சீரம் என்ற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது, நோய் வந்துவிட்டால் அப்புறம் மருந்தே இல்லை என்றார் டாக்டர்.

நித்திலா நர்ஸிடம் ஒரு கேள்வி கேட்டாள். இது எதில் செய்தது?

நர்ஸ் பாவம், உள்ளதைச் சொல்லிவிட்டாள். குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது என்று.

பிள்ளை கையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டது. குதிரைக்கு வலிக்கும், எங்க அப்பா ஒத்துக்கமாட்டாங்க என்று அங்கிருந்தே சொன்னது. எல்லோரும் குற்றாலிங்கத்தைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது என்று இப்போது உலகம்மையிடம் அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு இந்த இடத்தில் அந்த மனிதர் மேல் கோபம்தான் வருகிறது.

காயத்துக்குள்ளேயே போடுகிற ஊசி, திமிறுகிற கையில் சரியாகப் போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மடம் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. கோமதி புருஷனுக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தாள். அதற்குள் அவர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் கட்டிப்போட்டாவது ஊசி போடுவேன், அதற்கப்புறம் நீங்கள் வீட்டுப் படி ஏற வேண்டாம் என்றிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

"என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்? உயிர் நோகக் கூடாதுன்னு நான்தானே அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன். நீங்க ஒரு உத்தரவு குடுங்க."

"நான் போடச் சொன்னா போட்டிருவீங்களா?"

"குரு வாக்குன்னா தட்ட முடியுமா?"

"அப்ப பழி எனக்கு, நோன்பு உங்களுக்கு."

உலகம்மை எழுந்து உள்ளே போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து வந்தார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் நோகாத நோன்பு எடுக்கிறவர்கள், உயிரை வருத்திக் கிடைத்த பொருள் தங்களிடம் எது இருந்தாலும் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். வைத்து முடித்தவர்களுக்குத்தான் பிறர் கையிலிருப்பதைக் குறை சொல்ல வாய் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் குற்றாலிங்கம் தோல் செருப்பு, பெல்ட், பட்டு வேட்டி, தேன் பாட்டில், அப்பா வாசித்த மிருதங்கம் எல்லாவற்றையும் வைத்தார். மிருதங்கத்தை வைத்தபோது பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். அன்றிலிருந்து நோன்பில் அவருக்குத்தான் முதல் இடம். அதில் அவருக்குக் கொஞ்சம் ருசியும் தட்டிவிட்டது.

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

"மிச்சத்தை வைங்க," என்றார் உலகம்மை.

"மிச்சமா? எல்லாம் அன்னைக்கே வச்சிட்டேனே."

"சட்டைப் பையில என்ன?"

குற்றாலிங்கத்தின் கை தானாகப் பைக்குப் போனது. முதலில் மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்தார். கூடு மாத்திரை. கூடு எதில் செய்தது, மாட்டு எலும்பிலா என்று அவர் யாரையும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பதில் கவனமாக இருந்தார் என்றும் சொல்லலாம்.

"இன்னொன்னு இருக்கு," என்றார் உலகம்மை.

அது ஒரு பிளாஸ்டிக் அட்டை. நான்கு வருஷத்துக்கு முன் அவருக்கு நெஞ்சைத் திறந்து இதய வால்வு மாற்றியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்தது, எங்கே போனாலும் கூடவே வைத்திருக்கச் சொன்னது. பெயர், தேதி, என்ன வால்வு, மாட்டின் எந்தச் சவ்வில் செய்தது என்பதெல்லாம் அதில் தமிழிலும் இருந்தது. ஆபரேஷனுக்கு முன் டாக்டர் தமிழில் விளக்கிச் சொல்லி, அவர் கேட்டுக் கையெழுத்துப் போட்டதுதான். அப்போது மடத்திலிருந்து துணைக்கு வந்திருந்த உலகம்மையும் பக்கத்தில் நின்றார்.

"அது நோன்புக்கு முந்தி நடந்ததும்மா."

"செருப்பு வாங்கினதும் முந்திதானே."

அவர் அட்டையைத் தாம்பாளத்தில் வைத்தார்.

"இது அட்டை. வால்வு எங்க?"

ஹாரன் மறுபடி அடித்தது. கோமதி ஏதோ கத்தினாள். பிள்ளையின் சத்தம் கேட்கவில்லை.

"அத எடுத்து வச்சா நான் எப்படிம்மா உயிரோட இருப்பேன்?"

உலகம்மை வாசல் பக்கம் திரும்பி ஆட்டோவைப் பார்த்தார்.

குற்றாலிங்கமும் பார்த்தார். துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு நித்திலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துபோயிருந்தாள், ஆனாலும் அப்பாவுக்காகச் சிரிக்கப் பார்த்தாள். அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அவளுக்குத் தெரியாதும்மா," என்றார் மெதுவாக. "அப்பாவுக்கு நெஞ்சுல ஒரு சின்ன ஆபரேஷன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். இப்ப போயி அவகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

உலகம்மை தாம்பாளத்திலிருந்த அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இத அவ கையில குடுங்க. பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும்லா."