சங்குத்துறையின் மூன்று வீடுகள்

கேளுங்கள் மக்களே! கப்பல்களெல்லாம் காற்றை நம்பி ஓடிய காலம் அது. சங்குத்துறை என்றொரு பட்டினத்தில் மாசிலான் என்ற எண்ணெய் வாணிகன் இருந்தான். அவனுக்கு ஒரு செக்கு, ஒரு சோடி மாடு, பூவாத்தாள் என்ற மனைவி.

அந்தப் பட்டினத்தில் வீட்டு விலை இறங்கி யாரும் பார்த்ததில்லை. கப்பல் வந்தது, விலை ஏறியது. இன்னும் பெரிய கப்பல் வந்தது, இன்னும் ஏறியது. மாசிலான் வருஷமெல்லாம் எண்ணெய் ஆட்டிச் சம்பாதித்ததை, பக்கத்துத் தெருக்காரன் ஒரு வீட்டை விற்று ஒரே நாளில் சம்பாதித்தான். மாசிலானுக்கு மனம் நிலைகொள்ளவில்லை.

சேமிப்பைப் போட்டு முதல் வீடு வாங்கினான். வாடகை வந்தது. மனைவியின் நகையைப் போட்டு இரண்டாவது வீடு வாங்கினான். அதற்கும் வாடகை வந்தது. மூன்றாவது வீட்டுக்காகச் செக்கையும் மாடுகளையும் விற்கத் துணிந்தான்.

"வீடு வாங்குங்க, வேணாம்னு சொல்லல. செக்கை மட்டும் வித்துடாதீங்க" என்றாள் பூவாத்தாள்.

"இந்த ஊர்ல வீட்டு விலை என்னைக்காவது இறங்கிப் பாத்திருக்கியா?"

அவளும் பார்த்ததில்லை. செக்கும் மாடுகளும் கைமாறின, மூன்றாவது வீடும் வந்தது.

அந்த மழைக்காலத்தில் ஆற்றில் பெருவெள்ளம் வந்து, முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. கப்பல்கள் வேறு துறைக்குப் போயின. குடியிருந்த வணிகர்களும் பின்னாலேயே போனார்கள். வாடகைக்கு ஆளில்லை, விற்கலாமென்றால் வாங்கவும் ஆளில்லை. மூன்று வீடு வைத்திருந்தவன் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது.

ஒரு நாள் செங்கோடன் என்ற உழவன் தொலைதூரத்திலிருந்து வந்தான். பட்டினத்தின் பழைய பெருமை இப்போதுதான் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"துறைத்தெரு வீடு ஒண்ணு குடுங்கண்ணே. விலை ஏறிக்கிட்டே போகுமாமே? ஏர்மாட்டையெல்லாம் வித்துட்டு வந்திருக்கேன்."

'ஆமாம்' என்ற சொல் மாசிலானின் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் போதும், பசி தீரும். ஆனால் எதிரே நின்றவன் முகத்தில் தன் முகத்தையே கண்டான்.

"தம்பி, இங்க கப்பல் வந்து எட்டு மாசமாச்சு. நானே விக்க முடியாம தவிக்கிறேன். இன்னைக்கே ஊருக்குப் போய், வித்த மாட்டைத் திருப்பி வாங்கிக்க."

செங்கோடன் கும்பிட்டுவிட்டுப் போனான். மாசிலான் மனைவியை நிமிர்ந்து பார்க்க முடியாமல் நின்றான்.

"நல்லதுதான் செஞ்சீங்க" என்றாள் அவள்.

மறுநாளே, தான் விற்ற செக்கில் கூலிக்கு மாடு ஓட்டப் போனான். ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, பதினோரு வருஷம் ஓட்டினான்.

பிறகு இன்னொரு வெள்ளம் அந்த மணலை அடித்துக்கொண்டு போனது. கப்பல்கள் திரும்பி வந்தன. வீட்டு விலை பழைய உயரத்தைத் தொட்டு, அதையும் தாண்டியது.

"கடைசியில நீ நெனச்சதுதானே நடந்துச்சு!" என்றார்கள் ஊரார்.

"நடந்துச்சு. ஆனா அதுவரைக்கும் வீடு காத்துக்கிட்டு இருந்துச்சு, எங்க வயிறு காத்திருக்கலையே. பூவாத்தா பாதி வயித்தோட கழிச்ச பதினோரு வருஷத்தை, இந்த மூணு வீட்டையும் வித்தாலும் நான் திருப்பிக் குடுக்க முடியுமா?" என்றான் மாசிலான்.

ஆகவே மக்களே, நாள்பட விலை ஏறும் என்று நம்பி வீடு வாங்கலாம், ஆனால் அந்த நாள் வரும்வரை சோறு போடும் தொழிலை விற்று வாங்கக் கூடாது.